பொதுப்பணமும் பூமியும் – 9: கொடுத்த பணமும் காக்கும் கையும்

வரி விதித்தும் அபராதம் வசூலித்தும் மாசைக் கட்டுப்படுத்தும் வழியைச் சென்ற வாரம் பார்த்தோம். இவ்வாரம் அதற்கு நேர்மாறான வழியை ஆராய்வோம். ராஜாங்கம் தன் கஜானாவைத் திறந்து, ராஜ்யங்களுக்கும் நகரசபைகளுக்கும் பழங்குடி நிர்வாகங்களுக்கும் திருப்பித் தர வேண்டாத மானியமாகப் பணத்தைக் கொடுத்து, அதைக் கொண்டு காற்றையும் நீரையும் நிலத்தையும் சீர்திருத்தும்படி செய்வது இரண்டாவது வழி. அமெரிக்க ஐக்கிய நாடு இந்த வழியில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வந்திருக்கிறது. பெரும் வெற்றிகளையும் அடைந்திருக்கிறது, பெரும் விரயங்களையும் கண்டிருக்கிறது. அந்த வரலாற்றை ஆதி முதல் படித்துவரும் ஒருவருக்கு, எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்பதைவிட, அப்பணத்தால் ஆன காரியத்தைப் பிற்பாடு யார் காப்பாற்றினார்கள் என்ற கேள்வியே திரும்பத் திரும்ப எதிரில் வந்து நிற்கும்.

அந்நாட்டின் வடகிழக்கிலும் பேரேரிகளின் ஓரத்திலும் உள்ள பழைய நகரங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூமிக்கடியில் குழாய் பதித்தவர்கள், வீட்டுக் கழிவுநீருக்கு ஒன்று, மழைநீருக்கு ஒன்று என்று பிரிக்காமல், இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்து ஓடவிட்டார்கள். மழையில்லாத நாட்களில் இதனால் தொல்லை ஏதும் இல்லை. வந்த கழிவு முழுவதும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பெருமழை பெய்யும்போதோ, கூரைகளிலும் தார்ச்சாலைகளிலும் கார் நிறுத்தும் மைதானங்களிலும் விழுந்த நீர் அத்தனையும் ஒரே சமயத்தில் குழாய்க்குள் பாய்ந்து, அது தாங்கும் அளவைக் கடந்து, மலம் கலந்த நீர் சுத்திகரிக்கப்படாமலே ஆற்றில் போய் விழும். சுமார் 700 ஊர்களில் இன்றும் இத்தகைய குழாய்களே இருக்கின்றன. எஞ்சினீயர்கள் வழக்கமாகச் சொல்லும் பரிகாரம், பாறையைக் குடைந்து பெரிய சுரங்கம் அமைத்து, மழை ஓயும் வரையில் அந்நீரை அதில் தேக்கி வைப்பது. இன்னொரு பரிகாரமும் உண்டு. மழைநீர் குழாயை எட்டுவதற்கு முன்பே, விழுந்த இடத்திலேயே அதை மண்ணுக்குள் இறங்கச் செய்வது. தெருவோரத்தில் தாழ்வாக வெட்டிச் செடி வைத்த மழைத் தோட்டம், மரவரிசைக்கு அடியில் சரளைக்கல் நிரப்பிய அகழி, நீர் ஊறிச் செல்லும் தளம், மண் பரப்பிப் புல் வளர்த்த கூரை ஆகியவை அதற்கு உபாயங்கள். இவற்றுக்கெல்லாம் பொதுவாகப் பசுமைக் கட்டமைப்பு என்று பெயர். மழையைத் தாங்குவதோடு நில்லாமல் இந்த மரங்களும் செடிகளும் தெருவைக் குளிர்விக்கின்றன. குளிர்ந்த தெருவில் உள்ள வீட்டுக்குக் குளிர்சாதன மின்சாரம் குறைவாகவே செலவாகிறது. ஆகவே நீருக்காகச் செய்த காரியம் காற்றுக்கும் உதவுகிறது.

இந்த வகையில் முதன்மையாகச் சொல்ல வேண்டியது ஃபிலடெல்ஃபியா நகரம். அந்நகரின் சாக்கடைகளில் ஏறத்தாழ 60 சதவீதம் நான் சொன்ன கூட்டுக் குழாய்களே. 2011 ஜூன் மாதத்தில் பென்ஸில்வேனியா ராஜ்யத்துடன் அந்நகரம் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. 25 ஆண்டுகளில் சுமார் 240 கோடி டாலர் செலவு செய்து, அதன் பெரும்பகுதியைச் சுரங்கங்களில் போடாமல், 10,000 ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த பரப்பின் மழைநீரை மண்ணுக்கே திருப்பிவிடுவது என்பதே அதன் சாராம்சம். அவர்கள் கணக்கில் ஓர் ஏக்கர் பசுமையாயிற்று என்று சொல்ல வேண்டுமானால், கல்லும் தாரும் மூடிய ஓர் ஏக்கரில் பெய்யும் முதல் ஓர் அங்குல மழையை ஒரு தோட்டமோ அகழியோ ஏற்றுக்கொள்ள வேண்டும். செடி நட்டோம், படம் எடுத்தோம் என்பதோடு முடிந்துபோகாமல், இவ்வளவு மழையை இது ஏற்கும் என்று அளந்து காட்ட வேண்டிய நிர்ப்பந்தத்தை அந்த அளவுகோல் உண்டாக்கிவிட்டது. முதல் ஐந்தாண்டுகளுக்கு வைத்த இலக்கான 744 ஏக்கரையும் நகரம் தாண்டியது.

ஆனால் என் மனத்தை அதிகம் கவர்ந்தது இந்த ஏக்கர் கணக்கு அன்று. அதற்கு ஓராண்டு முன்பு, 2010இல், அந்நகரின் நீர்த்துறை தொடங்கிய கட்டணச் சீர்திருத்தமே. அதற்கு முன்பெல்லாம் மழைநீரை வடிப்பதற்கான கட்டணத்தை, ஒவ்வொரு கட்டடத்துக்கும் உள்ள குடிநீர் மீட்டரின் அளவை வைத்து வசூலித்துக்கொண்டிருந்தார்கள். இதனால் சிறிய நிலத்தில் பல மாடி எழுப்பிய அலுவலகம் பெரும் தொகை செலுத்த, பல ஏக்கர் பரப்பில் தார் பூசிக் கார் நிறுத்தும் இடமாக வைத்திருந்தவர், குழாய் இணைப்பே இல்லாத காரணத்தால் ஒரு காசும் செலுத்தாமல் இருந்தார். ஆற்றைக் கெடுத்ததில் பெரும்பங்கு அந்தத் தார்ப்பரப்புக்கே உரியது. நான்கு ஆண்டுகளில் படிப்படியாக இம்முறையை மாற்றி, வீடுகள் அல்லாத சொத்துக்களுக்கு நீர் இறங்காத பரப்பு எவ்வளவு என்று அளந்து, அதன்படி கட்டணம் விதித்தார்கள். தன் நிலத்தில் மழைத் தோட்டம் அமைப்பவருக்குக் கட்டணத்தில் சலுகையும், அமைக்கும் செலவுக்கு நகரத்திலிருந்தே மானியமும் கிடைத்தன. அக்கட்டணம் மாதந்தோறும் வருகிறது. வாஷிங்டனில் யார் ஆட்சியில் இருந்தாலும் வருகிறது. மழைத் தோட்டத்தின் வாயில் இலைச்சருகும் காகிதமும் மண்ணும் அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே போகாது. அதை வாரி எடுக்க ஓர் ஆள் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு வழி செய்த பிறகே அவர்கள் தோட்டம் வெட்டப் புறப்பட்டார்கள் என்பதை நான் இந்தத் தொடரில் இதுவரை சொன்ன விஷயங்கள் எல்லாவற்றிலும் சிறந்ததாகக் கருதுகிறேன்.

இந்த விவேகம் அமெரிக்கர்களுக்குப் பிறவியிலேயே வந்ததன்று. 1969ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் தேதி ஒஹையோ ராஜ்யத்தின் க்ளீவ்லாந்து நகரத்தில் காயஹோகா ஆற்றின் மேல் மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பற்றி எரிந்தது. ஆறு எரிந்தது என்ற செய்தி நாட்டை உலுக்கியது. 1970 டிசம்பரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் தோன்றியது. 1972இல் தூய நீர்ச் சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் சபை நிறைவேற்றியபோது, ஊர்தோறும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டுவதற்கு மூன்று ஆண்டுகளில் முறையே 500, 600, 700 கோடி டாலராக மொத்தம் 1,800 கோடி டாலரை ஒதுக்கி, கட்டுமானச் செலவில் 75 சதவீதத்தை மத்திய சர்க்கார் ஏற்கும் என்று விதித்தது. இவ்வளவு பெரிய தொகை விலைவாசியை உயர்த்திவிடும் என்று கருதிய ஜனாதிபதி நிக்ஸன் அக்டோபர் 17ஆம் தேதி மசோதாவை நிராகரித்தார். ஒரு நாளுக்குள் ஸெனட் சபை 52க்கு 12 என்றும் பிரதிநிதி சபை 247க்கு 23 என்றும் வாக்களித்து, அவருடைய நிராகரிப்பைத் தள்ளிவிட்டுச் சட்டத்தை நிலைநாட்டின.

சட்டம் நிலைத்தது, பணம் வரவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு உரிய 1,100 கோடியில் 500 கோடிக்கு மேல் ராஜ்யங்களுக்குப் பங்கிட வேண்டாம் என்று நிக்ஸன், சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைவராயிருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸுக்கு உத்தரவிட்டார். நியூயார்க் நகரம் வழக்குத் தொடுத்தது. காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தைப் பங்கிடாமல் தடுத்துவைக்க அந்தச் சட்டம் நிர்வாகத்துக்கு அதிகாரம் கொடுக்கவில்லை என்று 1975 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். இதற்கிடையில் 1974இல், ஜனாதிபதி தாமாகப் பணத்தை நிறுத்திவைப்பதைத் தடுக்கத் தனிச்சட்டம் ஒன்றையும் காங்கிரஸ் இயற்றியிருந்தது. மானியத்தை அறிவிப்பவர், அதை ஒதுக்குபவர், அதை விடுவிப்பவர் ஆகிய மூவரும் வெவ்வேறு கைகள் என்பதையும், அவற்றில் ஒரு கை மூடிக்கொண்டாலும் ஊரில் காரியம் நடக்காது என்பதையும் அந்நாடு அப்போதே அனுபவித்து அறிந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே பாடத்தை மறுபடியும் படிக்க நேர்ந்ததைப் பின்னால் சொல்கிறேன்.

நிலையங்கள் கட்டப்பட்டன. மானியத் திட்டம் முடிவதற்குள் மொத்தம் 6,000 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. மீன் அற்றுப்போயிருந்த ஆறுகளில் மீன் திரும்பியது; குளிக்கக்கூடாத கரைகளில் ஜனங்கள் குளித்தார்கள். இந்த நன்மையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆயினும் 1980இல் காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம் 242 சுத்திகரிப்பு நிலையங்களை எடுத்து ஆராய்ந்தபோது, அவற்றில் 87 சதவீதம் தங்களுக்கு விதித்த வரம்பை ஏதேனும் ஒரு சமயத்திலாவது மீறியிருந்தன என்று தெரியவந்தது. வடிவமைப்பில் குறை, இயந்திரங்களில் குறை, அளவுக்கு மேல் வந்து சேர்ந்த தொழிற்சாலைக் கழிவு என்று காரணங்கள் பல. அவற்றோடு, நிலையத்தை நடத்தத் தெரிந்த ஆட்களும் நடத்தப் போதிய பணமும் இல்லாமையும் ஒரு காரணம். இயக்கும் செலவைப் பயனாளிகளிடம் கட்டணமாக வசூலிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் நாலில் மூன்று பங்கு செலவைப் பிறர் ஏற்கும்போது, தன் ஊருக்குத் தேவையானதைவிடப் பெரிய நிலையத்தை விரும்பாத நகரசபை எது? கல்யாணத்துக்குப் பணம் தந்த பெரிய மனிதர் குடித்தனச் செலவுக்கும் வந்து நிற்பாரா? 1981இல் மத்திய சர்க்காரின் பங்கை 55 சதவீதமாகக் குறைத்தார்கள். 1987இல், ஜனாதிபதி ரீகனின் நிராகரிப்பையும் தள்ளிவிட்டு, மானியத்தை அறவே நிறுத்திச் சுழல்நிதியாக மாற்ற வகை செய்தார்கள். மத்திய சர்க்கார் கொடுக்கும் முதலுடன் ராஜ்யம் அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து, ஊர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்து, திரும்பி வரும் பணத்தை மறுபடி வேறோர் ஊருக்குக் கடனாகக் கொடுக்கும் முறை அது. இன்றும் நடந்துவருகிறது. கடன் வாங்கிய ஊர் கணக்கோடு கட்டுகிறது என்பது இதன் நன்மை. கடன் கட்டவே சக்தியற்ற ஏழை ஊர் வாசலிலேயே நின்றுவிடுகிறது என்பது இதன் தீமை. அந்தத் தீமை அற்பமானதன்று.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2022 ஆகஸ்டு 16ஆம் தேதி ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்ட பணவீக்கக் குறைப்புச் சட்டம், பெயரில் எப்படியிருந்தாலும், காலநிலை விஷயத்துக்காக அமெரிக்கா அதுவரை இயற்றிய சட்டங்களில் எல்லாம் பெரியது. அதன் பிரிவுகளில் ஒன்று காலநிலை மாசு குறைப்பு மானியங்களுக்காக 500 கோடி டாலரை ஒதுக்கியது. இந்த மானியத்தின் விசேஷம் அதைப் பங்கிட்ட முறையில் இருந்தது. முதலில் திட்டமிடுவதற்கென்றே 25 கோடி டாலரைத் தனியே எடுத்து, ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் 30 லட்சமும், ஜனத்தொகை மிகுந்த 67 பெருநகர வட்டாரங்களுக்குத் தலா 10 லட்சமும் கொடுத்தார்கள். உங்கள் பிரதேசத்தில் எந்தெந்தத் தொழிலிலிருந்து எவ்வளவு புகை வருகிறது என்று கணக்கெடுங்கள், எதை முதலில் குறைக்கலாம் என்று ஜனங்களைக் கேளுங்கள், அதைத் திட்டமாக எழுதி 2024 மார்ச் 1ஆம் தேதிக்குள் கொடுங்கள் என்றார்கள். அதற்குப் பிறகே, அத்திட்டங்களை நிறைவேற்றும் பெரும் பணத்துக்கு விண்ணப்பம் கேட்டார்கள். உள்ளூரார் தம் பங்காக ஒரு தொகை போட வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஆகவே ஏழை ஊர் வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

வட்டாரம் என்ற அமைப்புக்குப் பணம் கொடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காற்று நகர எல்லையை அறியாது. ஆறு ராஜ்ய எல்லையில் நிற்பதில்லை. சிகாகோ பெருநகரம் இல்லினாய், இந்தியானா, விஸ்கான்ஸின் ஆகிய மூன்று ராஜ்யங்களின் மீது பரவிக் கிடக்கிறது. அதற்குள் நூற்றுக்கணக்கான தனித்தனி ஊர்ச்சபைகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் தனித்தனியே ஓர் எஞ்சினீயரை வைத்துப் புகைக் கணக்கு எடுப்பதென்பது ஆகாத காரியம். இத்தகைய இடங்களில் ஊர்கள் கூடி அமைத்த வட்டாரக் கூட்டவைகளே பணத்தைப் பெற்று, கணக்கு எடுத்து, திட்டம் எழுதின. இதிலும் அரசியல் குறுக்கிடாமல் இல்லை. ஃப்ளாரிடா, அயோவா, கென்டக்கி, தெற்கு டகோட்டா ஆகிய நான்கு ராஜ்யங்கள் தங்கள் பங்கு 30 லட்சம் வேண்டாம் என்றுவிட்டன. ஆனால் ராஜ்யம் மறுத்தாலும் அதற்குள் இருக்கும் பெருநகர வட்டாரங்கள் நேரடியாக மானியம் பெறும்படி வாய்க்கால் வெட்டியிருந்ததால், ஃப்ளாரிடாவின் டாம்பா வட்டாரத்தாரைப் போன்றவர்கள் தங்கள் திட்டத்தைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

நிறைவேற்றும் பணத்துக்கு ஏறக்குறைய 300 விண்ணப்பங்கள் வந்தன. அவை கேட்ட தொகை சுமார் 3,300 கோடி டாலர். 2024 ஜூலை 22ஆம் தேதி, 30 ராஜ்யங்களைத் தழுவிய 25 விண்ணப்பங்களுக்கு 430 கோடி டாலர் வழங்குவதாக அறிவித்தார்கள். தெற்குக் கலிபோர்னியாவின் காற்றுத் தர மாவட்டத்துக்குத் துறைமுகச் சரக்குப் போக்குவரத்தின் புகையைக் குறைக்க ஏறத்தாழ 50 கோடி. நியூ இங்கிலாந்து ராஜ்யங்கள் ஐந்து சேர்ந்து வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் உலைகளுக்குப் பதிலாக மின்சார வெப்பச் சாதனங்களைப் பரப்ப 45 கோடி. பென்ஸில்வேனியாவின் தொழிற்சாலைகளுக்கு 39 கோடியே 60 லட்சம். நெப்ராஸ்காவின் விவசாயத்தை மையமாகக் கொண்ட திட்டத்துக்கு 30 கோடியே 70 லட்சம். இவையெல்லாம் நிறைவேறினால் 2050க்குள் மொத்தம் 97 கோடி டன் வரையில் மாசு குறையும் என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் மதிப்பீடு. இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன்.

வட கரோலினாவின் கிழக்குக் கோடியில், ஆல்பெமார்ல், பாம்லிக்கோ என்ற இரண்டு கடற்கழிகளுக்கு நடுவே ஒரு தாழ்ந்த தீபகற்பம் இருக்கிறது. அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாகச் செடி கொடிகள் நீரில் விழுந்து, காற்றுப் படாததால் முழுவதும் மக்காமல், கறுத்த கரிமண்ணாகப் பல அடி ஆழத்துக்குப் படிந்திருக்கின்றன. நீர் நிற்கும் வரையில் அந்தக் கரி அங்கேயே உறங்கும்; நீரை வடித்தாலோ, காற்றுப் பட்டு மக்கிக் கரியமில வாயுவாக மேலே போகும், அல்லது தீப்பற்றும். 1973இல் மால்கம் மக்லீன், கப்பல் சரக்கை இரும்புப் பெட்டிகளில் அடைத்து அனுப்பும் முறையை உலகுக்குத் தந்து பெருஞ்செல்வம் சேர்த்தவர், அங்கே சுமார் 3,76,000 ஏக்கர் நிலத்தை வாங்கி, கால்வாய்கள் வெட்டி நீரை வடித்து, சோளமும் சோயாவும் பயிரிட்டு மாடு பன்றி வளர்க்கும் பெரும்பண்ணையாக்க முனைந்தார். பிறகு அந்தக் கரிமண்ணையே வெட்டி எடுத்து மெத்தனால் எரிபொருள் செய்யும் யோசனையும் எழுந்து, அதற்கு மத்திய சர்க்காரின் பண உத்தரவாதத்தையும் நாடினார்கள். 1980களின் நடுவில் அது கைவிடப்பட்டது. நிலத்தின் ஒரு பகுதி பிற்பாடு ராஜாங்கத்தின் வசமாகி, 1990இல் போகோஸின் ஏரிகள் வனவிலங்குச் சரணாலயமாயிற்று.

பண்ணை போயிற்று; கால்வாய்கள் போகவில்லை. அவை ஆண்டுதோறும் நீரை வடித்துக்கொண்டே இருந்தன. 2008 ஜூன் 1ஆம் தேதி இடி விழுந்து பற்றிய தீ, 40,000 ஏக்கருக்கு மேல் பரவி, மரங்களை எரித்த பின்பும் மண்ணுக்குள் இறங்கி மாதக்கணக்கில் புகைந்துகொண்டிருந்தது. ஏரிகளிலிருந்து நீரை இறைத்து நிலத்தை மூழ்கடித்தே அதை அணைக்க வேண்டியிருந்தது. அந்தப் புகை படிந்த மாவட்டங்களில் ஆஸ்துமாவுக்கும் இதய நோய்க்கும் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களின் தொகை உயர்ந்ததை விஞ்ஞானிகள் பிற்பாடு கணக்கெடுத்து வெளியிட்டார்கள். அதற்கு வடக்கே, வர்ஜீனிய எல்லையில் உள்ள பெருஞ்சதுப்பு நிலத்திலும் கதை வேறன்று. 1763இல் ஜார்ஜ் வாஷிங்டனும் அவருடைய கூட்டாளிகளும் அதை வடித்து விளைநிலமாக்கக் கம்பெனி அமைத்தார்கள். 2011இல் அங்கே பற்றிய தீ 111 நாட்கள் எரிந்தது.

இந்தச் சதுப்புகளையும், கரையோர ஈரநிலங்களையும், காடுகளையும் மீட்பதற்காக வட கரோலினா முன்னின்று, தென் கரோலினா, வர்ஜீனியா, மேரிலாந்து ராஜ்யங்களையும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டு விண்ணப்பித்தது. 42 கோடியே 10 லட்சம் டாலர் கிடைத்தது. கரிமண்ணை மீட்கும் வேலை வெகு எளிமையானது. கால்வாயின் குறுக்கே ஓர் இரும்பு மடையை நிறுத்தி, அதில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினால் நீர்மட்டம் உயரும், மண் நனையும், கரி மறுபடி உறங்கப் போகும். மடை வைப்பது ஒரு நாள் வேலை. ஆனால் எந்தப் பருவத்தில் எத்தனை பலகை இருக்க வேண்டும், சூறாவளி வரும் என்று செய்தி வந்தால் எத்தனையை உருவ வேண்டும் என்பதை ஒருவர் அருகிலிருந்து பார்த்துச் செய்ய வேண்டும். பக்கத்து நிலத்து விவசாயி, சரணாலயத்தின் நீர் தன் வயலுக்கு வந்துவிடும் என்று அஞ்சுவார். அவரோடு பேசுவதற்கும் ஒருவர் வேண்டும். இது பத்து ஆண்டுகளுக்கு, இருபது ஆண்டுகளுக்கு, கடல் மட்டம் உயர்ந்து உப்புநீர் கால்வாய் வழியே ஏறிவரும் காலத்திலும் நடக்க வேண்டிய பணி. மானியத்தின் ஆயுளோ அதிகபட்சம் ஐந்து ஆண்டு.

அந்த ஐந்து ஆண்டில் முதல் ஆண்டு முடிவதற்குள்ளேயே ஆட்சி மாறிற்று. 2025 ஜனவரி 20ஆம் தேதி, பதவியேற்ற அன்றே, பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின் கீழ் வழங்கும் பணத்தை நிறுத்திவைக்கும்படி ஜனாதிபதி டிரம்ப் ஆணையிட்டார். ஒரு வாரத்தில் வெள்ளை மாளிகையின் வரவுசெலவு அலுவலகம், பொதுவாக மத்திய சர்க்காரின் மானியங்களையே நிறுத்தும் சுற்றறிக்கை ஒன்றை அனுப்பி, இரண்டு நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. 22 ராஜ்யங்களும் தலைநகர நிர்வாகமும் தொடுத்த வழக்கில், ரோட் ஐலண்டின் மாவட்ட நீதிபதி ஜான் மக்கானல் ஜனவரி 31ஆம் தேதி அந்த நிறுத்தத்துக்குத் தற்காலிகத் தடை விதித்தார். பிப்ரவரி 10ஆம் தேதி, தம் உத்தரவு முழுமையாக நிறைவேற்றப்படவில்லை என்றும் கண்டித்தார். பிறகு ஜூலை 4ஆம் தேதி கையெழுத்தான புதிய சட்டம், இந்த மானியக் கணக்கில் யாருக்கும் ஒப்பந்தமாகாமல் மிஞ்சியிருந்த தொகையை ரத்து செய்தது. ஒப்பந்தமான தொகையை அந்தச் சட்டம் தொடவில்லை. ஆனால் ஏழை வீடுகளுக்குச் சூரிய மின்சாரம் தர 60 அமைப்புகளுக்கு வழங்கப்பட்டிருந்த 700 கோடி டாலர் திட்டத்தை, அது ஒப்பந்தமான பணமாக இருந்தும், அடுத்த மாதமே சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் கைவிடுவதாக அறிவித்தது. நிக்ஸன் காலத்து வழக்கை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை, துயரம் உண்டு. ஒரு வட்டார அலுவலகம் ஆள் சேர்த்து, ஒப்பந்தக்காரரோடு விலை பேசி, கன்றுகளுக்கு முன்பணம் கொடுத்த பிறகு, இன்று கணக்குத் திறக்குமா திறக்காதா என்று காத்திருப்பது எத்தகைய நிலை என்பதை அலுவலகம் நடத்திய எவரும் உணர்வார்கள். நடவுப் பருவம் கோர்ட்டின் தேதிக்காகக் காத்திருப்பதில்லை.

இதைக் கண்டு, மானியமே வீண், ஊர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு கட்டுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. அந்த வட கரோலினா தீபகற்பத்தில் உள்ள டிரெல் மாவட்டம் போன்ற சில ஆயிரம் ஜனங்களே வாழும் ஏழைப் பிரதேசம், தன் காலடியில் உறங்கும் கரியை உலகத்தின் நன்மைக்காகத் தன் சொந்தச் செலவில் காக்க வேண்டும் என்று கேட்பது நியாயம் ஆகாது. நன்மை எல்லோருக்கும் என்றால் பணமும் எல்லோரிடமிருந்தும் வரவேண்டும். ஆனால் அந்தப் பணம் வரும்போதே, அதில் ஒரு பகுதியை எடுத்து அறக்கட்டளையாக முதலீடு செய்து, மடை காக்கும் ஆளின் சம்பளத்துக்கும் தோட்டத்தைத் தூர்வாரும் கூலிக்கும் அதன் வட்டியிலிருந்து வழி செய்ய வேண்டும். கட்டணம் வசூலிக்கக்கூடிய நகரமானால், ஃபிலடெல்ஃபியாவைப் போல அந்தக் கட்டணத்தை முதலில் நிலைநாட்டச் சொல்லிவிட்டு, அதற்குப் பின்பே மானியம் வழங்க வேண்டும். அப்படிச் செய்தால் அறிவிக்கும் ஏக்கர் கணக்கு குறையும். நிற்கும் ஏக்கர் கணக்கு கூடும். எனக்கு இரண்டாவது கணக்கிலேயே அக்கறை.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த நாட்டிலாயினும், நம் ஊரிலேயாயினும், பசுமைத் திட்டத்துக்கு இத்தனை கோடி ஒதுக்கீடு என்ற செய்தியைப் படிக்கும்போது, தொகையோடு நின்றுவிடாமல், திட்டம் முடிந்த மறு ஆண்டு அதைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது, அதற்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று தேடிப் பாருங்கள். விடை கிடைக்காவிட்டால் உங்கள் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்த வாரம் மில்வாக்கி நகரத்தைப் பார்ப்போம்: ஆண்டுக்கு ஐம்பது அறுபது தடவை ஏரியில் கழிவைக் கொட்டிக்கொண்டிருந்த அந்நகரம் சுரங்கமும் வெட்டிற்று, மேட்டு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரை விலைக்கு வாங்கி மழைநீருக்காக வெறுமனேயும் விட்டுவைத்தது.